காசாளரின் சாளரம்: எங்கள் சிறு பட்டினங்களின் கொடுக்கல் வாங்கலில் இருந்து ஒரு பாடம்

கமக்காரரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் வயலையும் கிணற்றையும் மழையையும் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றனர். காசு கைமாறும் இடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் வெங்காயம் விளைந்து கிண்டி எடுத்ததோடு கமம் முடிந்து விடுவதில்லை. அது சந்தையில் விலைப்பட்டு, காசாகி, பழைய கடன் அடைபட்டு, மிஞ்சியது ஓரிடத்தில் பத்திரமாக வைக்கப்படும் வரை அந்தப் போகம் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். நல்ல விளைச்சல் எடுத்தும் கையில் ஒன்றும் தங்காத குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். பெரும்பாலும் நட்டம் வந்தது தோட்டத்தில் அல்ல, காசு கைமாறிய இடத்தில்தான்.

எனவே இந்தப் பாடத்தில், எங்கள் சிறு பட்டினங்களில் காசு எவர் கைகளினூடாகப் போய் வந்தது என்பதைப் பார்ப்போம். வங்கியில் கம்பிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்த காசாளரை அந்தக் கதையின் நடுவில் வைத்துப் பார்ப்போம். இரவல் காணியிலும் வாடகை வீட்டிலும் புதிய குடியேற்றத்திலும் மீண்டும் தொடங்கும் குடும்பங்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல. முன்னோர் எந்த இடத்தில் ஏமாந்தனர், எந்த வழக்கம் அவர்களைக் காத்தது என்று தெரிந்தால், அடுத்த சாளரத்தின் முன் நாம் விழிப்போடு நிற்கலாம்.

1. ஒற்றியும் ஈடும்

வங்கி வருமுன்னரே எங்கள் ஊர்களில் கடன் இருந்தது. அதற்கு ஒழுங்கும் இருந்தது. 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி, ஈடு, கடன் என்பன பற்றித் தனித்தனியே விதிகள் காணப்படுகின்றன. ஒற்றி என்றால் என்ன? காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி சொந்தக்காரனிடம் மீளும். இதில் ஒரு நன்மை உண்டு: வட்டி குட்டி போட்டு முதலை விழுங்குவதில்லை. ஒரு தீமையும் உண்டு: விளைவு முழுவதும் மற்றவனுக்குப் போவதால் முதலைத் திரட்டுவது கடினம். ஒற்றி வைத்த காணியைத் தகப்பன் மீட்காமல் மகன் மீட்ட குடும்பங்கள் பல.

நகை ஈடு வைப்பது, அயலவரிடம் கைமாற்று வாங்குவது, சீட்டுப் பிடிப்பது, கடையில் கொப்பிக்குச் சாமான் எடுப்பது என்பனவும் இப்படியே வழிவழி வந்தவை. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை முகத்தறிமுகம். ஊரை விட்டு வந்த குடும்பம் முதலில் இழப்பது இந்த முகத்தறிமுகத்தையே. புதிய ஊரில் கடைக்காரர் கொப்பியில் எழுத மாட்டார். ஆகவே கடதாசியில் எழுதப்பட்ட நம்பிக்கை எங்களுக்கு மற்றவர்களிலும் பார்க்கக் கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

2. சிறாப்பரும் செட்டியாரும்

எங்கள் பெரியவர்கள் கச்சேரியிலும் வங்கியிலும் காசு எண்ணுபவரைச் சிறாப்பர் என்று அழைத்தனர். நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் அரபுச் சொல் இந்தியக் கரைகள் வழியாக வந்து இவ்வாறு தமிழாயிற்று. கீரிமலையிலுள்ள பழைய சிறாப்பர் மடத்தின் பெயரில் அச்சொல்லை வலிகாமம் வடக்கு மக்கள் கேட்டிருப்பார்கள். வெள்ளி நாணயம் புழங்கிய காலத்தில் சிறாப்பரின் வேலை எண்ணுவது மட்டுமல்ல. நாணயத்தைத் தட்டி ஓசை கேட்டு நல்லதா கள்ளதா என்று அறிந்து சொல்வதும் அவர் வேலை.

கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகளில் சிறாப்பருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. வங்கித் துரைமாருக்கு ஊர் வியாபாரிகளைத் தெரியாது. ஆகவே கடன் கேட்டு வருபவர் நாணயமானவரா என்று சிறாப்பரே பிணை சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் பிணை சொன்னது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கே. செட்டியார்கள் குறைந்த வட்டிக்கு வங்கியில் எடுத்து, கூடிய வட்டிக்குக் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தனர். வங்கிக் காசு எங்கள் ஊருக்கு வரும்போது குறைந்தது இரண்டு கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் வட்டி ஏறியே வந்தது. 1925 ஆம் ஆண்டு ஏற்பட்ட நெருக்கடியில் வங்கிகள் செட்டியார்கள் மீதுள்ள நம்பிக்கையை இழந்து கடனை இறுக்கின. கொழும்பில் வங்கி கையை மூடியதும் எங்கோ ஒரு சிறு பட்டினத்துக் கடைக்காரருக்கும் கடன் நின்றது. தூரத்தில் நடப்பது எங்கள் படலைக்கும் வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

3. ஒரு வங்கி கதவடைத்த ஆண்டு

இன்று ஐந்நூறு ரூபாத் தாளை எவரும் தயங்காமல் வாங்குகின்றனர். முன்னர் அப்படியல்ல. 1872 இல்தான் இலங்கையில் ரூபாவும் சதமும் சட்டபூர்வமான கணக்காயின. அப்போது காசுத் தாளை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் முதன்மையானது ஓரியன்டல் வங்கி. 1869 தொடக்கம் கோப்பிச் செடியில் பரவிய இலைநோய் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அந்த வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அதன் தாளைக் கையில் வைத்திருந்தோர் கலங்கிப் போயினர். தேசாதிபதி ஆதர் கோடன் அரசாங்கத்தின் பெயரால் அத்தாள்களுக்குப் பொறுப்பேற்ற பின்னரே கலக்கம் தணிந்தது. அதே ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

கோப்பியைத் தின்ற ஒரு பூஞ்சணம் வங்கியையும் தின்றது. ஒரே பயிரை நம்பிய தோட்டம், அந்தத் தோட்டங்களையே பெரிதும் நம்பிய வங்கி, அந்த வங்கியின் தாளையே நம்பிய சனம். ஒன்று விழ மற்றவையும் விழுந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்ற முதுமொழிக்கு இதனிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

4. ஹற்றன் பட்டினம்

எங்கள் வாசகர்களிற் பலர், அல்லது அவர்களது பெற்றோர், 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். அவர்களுக்கு ஹற்றன் பழக்கமான பெயர். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலத்தில், 1888 ஆம் ஆண்டு, பாங்ஸ், அற்கின் என்ற இரு ஆங்கிலேயர் அங்கு ஹற்றன் வங்கியைத் தொடங்கினர். சுற்றியிருந்த தோட்டங்களின் பணத் தேவைக்காக ஏற்பட்ட வங்கி அது. 1970 இல் உருவான ஹற்றன் நஷனல் வங்கிக்கு இந்தச் சிறு பட்டின வங்கியே வேர்.

தோட்டத்துக்குச் சம்பளக் காசு வங்கியிலிருந்து போயிற்று. ஆனால் அக்காசு தொழிலாளியின் கையில் எவ்வளவு நேரம் தங்கியது? கங்காணியின் முற்பணம், கடைப்பற்று என்பன முன்னே நின்றன. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய துண்டு ஒன்று இருந்தது. அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவர் மாறிப் போகலாம். கடன் சீட்டு ஆளையே கட்டி வைத்தது. இந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பட்டினத்தில் வங்கி இருப்பது வேறு, வங்கியின் நன்மை உழைப்பவரை அடைவது வேறு என்பதை ஹற்றனின் கதை காட்டுகின்றது. அந்தச் சாளரம் துரைமாரின் காசோலைக்குத் திறந்திருந்தது. கொழுந்து பறித்தவருக்கு அப்போது அங்கு கணக்கு இல்லை.

5. தபாற் கந்தோரும் சங்கமும்

சாதாரண மக்களுக்கு முதலில் திறந்த காசுச் சாளரம் தபாற் கந்தோரே. தபால் சேமிப்பு வங்கி 1885 இல் ஆரம்பமாயிற்று. சிறு தொகையையும் போட்டு வைக்கலாம். மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அனுப்பிய காசுக்கட்டளையும் ஓய்வூதியமும் வந்து சேர்ந்ததும் அங்குதான். யாழ்ப்பாணத்துக்கு மணியோடர் பொருளாதாரம் என்ற பெயர் வந்ததும் இதனாலேயே. தென்னிலங்கையோடு புகையிரதப் பாதை 1905 இல் இணைந்த பின், வெங்காயமும் புகையிலையும் சுருட்டும் தெற்கே போயின, காசு வடக்கே வந்தது. புகையிரத நிலையமும் சந்தையும் தபாற் கந்தோரும் அருகருகே அமைந்த இடங்களே எங்கள் சிறு பட்டினங்களாக வளர்ந்தன. சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய இடங்களை மனதில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து வந்தது கூட்டுறவு. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் கடனுதவிச் சங்கங்கள் பரவின. வடக்கில் இந்த இயக்கத்தைக் கட்டி எழுப்பியவர்களுள் வீ. வீரசிங்கம் அவர்கள் முன்னணியில் நின்றார். யாழ் நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. சங்கத்தில் காசாளரும் உறுப்பினரும் ஒரே ஊரவர். கணக்கைப் பொதுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்க ஒவ்வொருவருக்கும் உரித்து உண்டு. கூட்டத்துக்கு உறுப்பினர் வந்த இடங்களில் சங்கம் தழைத்தது. வராத இடங்களில் நாலைந்து பேரின் கைக்குள் போயிற்று.

6. கிளை வங்கி ஊருக்கு வந்தது

ஆங்கிலேய வங்கிகள் தோட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் மட்டுமே கைகொடுக்கின்றன என்ற முறைப்பாடு வலுத்தபோது, 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் பயனாக 1939 ஓகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி தொடங்கியது. 1961 இல் அது அரசுடைமையாயிற்று. அதே ஆண்டு யூலை முதலாந் திகதி, கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் பணிகளை ஏற்று மக்கள் வங்கி தோன்றியது. 1964 முதல் பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களில் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. தபால் சேமிப்பு வங்கி 1972 இல் தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது.

இதனால் ஏற்பட்ட பெரிய மாற்றம் நகை அடைவிற் காணப்பட்டது. முன்னர் நகையை ஈட்டுக்கடையில் கொடுத்தால் அவர் சொன்னதே விலை, அவர் சொன்னதே வட்டி. ஈடு பிடிப்போரைக் கட்டுப்படுத்த 1942 இல் சட்டம் வந்தது. ஆனாலும் மாற்று இடம் இல்லாதவனுக்குச் சட்டம் எவ்வளவு உதவும்? அரச வங்கியும் கிராமிய வங்கியும் நகை அடைவு பிடிக்கத் தொடங்கிய பின்னரே கமக்காரக் குடும்பத்துக்கு மாற்று இடம் கிடைத்தது. விதைப்புக் காலத்தில் நகை வங்கிக்குப் போகும், அறுவடை முடியத் திரும்பி வரும். பெண்களின் கழுத்தும் கையும் எந்த மாதத்தில் வெறுமையாக இருந்தன என்று பார்த்தே பயிர்க் காலத்தைச் சொல்லி விடலாம். கமத்தின் முதலீடு பெண்களின் நகையாகவே இருந்தது என்பதைக் குடும்பத்துக்குள் நாம் மறந்து விடக் கூடாது.

1970 ஒக்ரோபரில் இன்னொரு பாடம் வந்தது. கறுப்புப் பணத்தை வெளிக்கொணரும் நோக்குடன் அன்றைய நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லுபடியற்றதாக்கினார். சில நாட்களுக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பெட்டகத்திலும் தலையணைக்குள்ளும் காசு வைத்திருந்தோர் காசாளரின் சாளரத்துக்கு முன் நிற்க வேண்டியதாயிற்று. வங்கியில் கணக்கிருந்தவருக்கு வேலை இலகுவாயிற்று. காசு வீட்டிலிருந்தால் பத்திரம் என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஊர் அப்போது அறிந்தது.

7. காசாளர் எப்படி வேலை செய்தார்

கணனி வருமுன் ஒரு கிளை வங்கியில் காசு எடுப்பது எப்படி? மீளப்பெறும் படிவத்தையும் புத்தகத்தையும் இலிகிதரிடம் கொடுப்போம். அவர் இலக்கமிட்ட பித்தளை வில்லை ஒன்றைத் தருவார். ஒருவர் பேரேட்டில் மீதியைப் பார்ப்பார். கையொப்ப அட்டையோடு எங்கள் கையொப்பத்தை ஒப்பிடுவர். எழுதத் தெரியாதவராயின் கைநாட்டு. அதன்பின் அதிகாரி ஒருவர் ஒப்பமிடுவார். கடைசியில்தான் படிவம் காசாளரிடம் போகும். அவர் வில்லை இலக்கத்தைக் கூப்பிட்டு, தொகையைக் கேட்டு, இரண்டு தரம் எண்ணிக் கொடுப்பார்.

வாங்கில் காத்திருந்த கமக்காரருக்கு இது அலைக்கழிப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் இந்த ஒழுங்கில் நாலு நல்ல விதிகள் உள்ளன.

ஒன்று, ஒருவரே எல்லாவற்றையும் செய்வதில்லை. கணக்கு எழுதுபவர் காசைத் தொடுவதில்லை, காசைத் தொடுபவர் அனுமதி கொடுப்பதில்லை.

இரண்டு, காசறைக்கு இரண்டு திறப்பு. ஒன்று காசாளரிடம், மற்றது இன்னோர் அதிகாரியிடம். ஒருவர் தனியே திறக்க முடியாது. இது காசாளரை நம்பாததால் அல்ல. அவர் மீது வீண்பழி விழாமற் காப்பதும் அந்த இரண்டாவது திறப்பே.

மூன்று, எண்ணுவது இருவருக்கும் முன்னால். சாளரத்தை விட்டு விலகுமுன் எண்ண வேண்டும். விலகிய பின் சொல்லும் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினம்.

நான்கு, அன்றைய கணக்கு அன்றே. காலையில் இருந்த காசோடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து வரும் தொகையும் கையிலுள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் காசாளரே பொறுப்பு. கூடினாலும் அவர் அதை எடுக்க முடியாது. யாரோ ஒரு வாடிக்கையாளருடைய காசு அது என்று எழுதி வைக்க வேண்டும்.

இந்த நான்காவது விதியை எங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு கிழமைக்கு உதாரணம்:

கையில் இருந்தது: ரூபா 2,400
வெங்காயம் விற்றது: ரூபா 18,600
கூலி வேலைக்குப் பெற்றது: ரூபா 1,500
மொத்தம்: ரூபா 22,500

பசளை: ரூபா 7,250
கடைக் கடன்: ரூபா 3,000
பஸ்: ரூபா 240
வீட்டுச் செலவு: ரூபா 1,800
மொத்தச் செலவு: ரூபா 12,290

மிச்சம் இருக்க வேண்டியது: ரூபா 10,210

எண்ணிப் பார்க்கும்போது 9,960 ரூபா மட்டும் இருந்தால், 250 ரூபா எங்கோ எழுதப்படாமற் போயிருக்கின்றது. சண்டை பிடிப்பதற்காக அல்ல, காசு எங்கே ஒழுகுகின்றது என்று அறிவதற்காகவே இக்கணக்கு. நாலு கிழமை எழுதினால் அந்த ஒழுக்கு தெரிய வரும். கணவன், மனைவி இருவரும் பார்க்கக் கூடிய இடத்தில் கொப்பி இருக்கட்டும். அதுவே வீட்டின் இரண்டாவது திறப்பு.

8. சாளரமும் இடம்பெயர்ந்தது

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டனர். 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். மக்கள் போனபோது வங்கிக் கிளைகள் பலவும் பேரேடுகளைத் தூக்கிக் கொண்டு வேறு ஊர்களில் இயங்கின. தன் ஊரின் பெயர் எழுதிய பெயர்ப்பலகை இன்னோர் ஊரின் தெருவில் தொங்குவதைக் கண்டவர்கள் எங்கள் மத்தியில் உள்ளனர். 2009 வரை வன்னிக்குள் நடந்த தொடர் இடப்பெயர்வுகளில், புத்தகமும் அடைவுச் சீட்டும் உறுதியும் பதுங்குகுழிகளிலும் நந்திக்கடல் நீரிலும் போயின.

1994 இல் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் காசும் நகையும் வைத்த குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. 2009 மே மாதத்தோடு அந்த நிறுவனமே இல்லாது போயிற்று. போரின் முடிவில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. தன் நகை இதுதான் என்று காட்ட ஒரு குடும்பத்திடம் என்ன இருக்கும்? சீட்டு, நிறை எழுதிய துண்டு, கலியாணப் படம். இவற்றுள் ஏதேனும் உங்களிடம் இருந்தால் எறிய வேண்டாம்.

அரச வங்கிகளிலோ ஏனைய வர்த்தக வங்கிகளிலோ பழைய கணக்கு வைத்திருந்தோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இன்றிக் கிடக்கும் கணக்கின் பணம் கைவிடப்பட்ட சொத்தாக இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படலாம். ஆனால் அதனால் உரிமை அழிந்து விடுவதில்லை. கணக்குக்காரரோ வாரிசுகளோ கணக்கிருந்த வங்கியினூடாக விண்ணப்பித்துக் கேட்கலாம். புத்தகம் இல்லாவிடினும், பெயர், பழைய முகவரி, அடையாள அட்டை இலக்கம், கிளையின் பெயர் ஆகியவற்றோடு போய்த் தேடிப் பார்க்கும்படி கேளுங்கள். இறந்தவரின் கணக்காயின் மரணச் சான்றிதழும் வாரிசுரிமைப் பத்திரங்களும் தேவைப்படும்.

9. இன்று வீட்டு வாசலுக்கு வரும் சாளரம்

போர் முடிந்தபின் காசாளர் எங்கள் முற்றத்துக்கே வரத் தொடங்கினார். நுண்கடன் நிறுவனத்தின் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து, பெண்களைக் குழுவாக்கி, பிணையாக ஒருவரை ஒருவர் நிறுத்தி, கிழமைக்குக் கிழமை காசு சேர்த்தார். அவசரத்துக்கு உதவிய கடன்களும் இருந்தன. ஆனால் ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று பல பெண்கள் சிக்கிக் கொண்டனர். இந்நிலை முற்றியதால் 2018 இல் மத்திய வங்கி நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்ச வட்டியை விதித்தது.

இங்கு ஒரு கணக்கைப் பழகிக் கொள்ள வேண்டும். 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம், 52 கிழமைத் தவணை என்று வைத்துக் கொள்வோம். முழுத்தொகைக்கும் வட்டி போட்டால் வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. இருபத்தாறு கிழமை கட்டிய பின் முதலிற் பாதி, அதாவது 25,000, கட்டுப்பட்டு விட்டது. ஆனால் தொடர்ந்து 50,000 ரூபாவுக்கே வட்டி கட்டுகின்றோம். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இதன் உண்மையான வட்டி 24 வீதம் அல்ல, ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. ஆகவே எத்தனை வீதம் என்று மட்டும் கேளாது, “முழுத்தொகைக்கா, குறைந்து வரும் மீதிக்கா?” என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல விரும்பாதவரிடம் கடன் எடுப்பது புத்தியல்ல.

சந்தையிலும் ஒரு சாளரம் உண்டு. மரக்கறிச் சந்தைகளில் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று எடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கிலோ 150 ரூபாவாக 200 கிலோ கொண்டு போனால் 30,000 ரூபா வர வேண்டும். 20 கிலோ கழிவு என்றால் 3,000 ரூபா தராசிலேயே போய் விடுகின்றது. தனியே கேட்பவரை, வேறிடத்தில் கொண்டு போய் விற்கச் சொல்வார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு விதமாக அமையும்.

10. நாம் செய்யக் கூடியவை

கணக்குப் புத்தகம், அடைவுச் சீட்டு, கடன் ஒப்பந்தம், காணி உறுதி ஆகியவற்றின் பிரதியை வேறு வீட்டில் உள்ள உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். இலக்கங்களைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள்.

காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்காமல் வர வேண்டாம். முற்றத்தில் கட்டினாலும் இதே விதிதான்.

நகை அடைவு வைக்கும்போது நிறை, மாற்று, தொகை, வட்டி, மீட்க வேண்டிய திகதி ஐந்தும் சீட்டில் உள்ளனவா என்று அங்கேயே வாசியுங்கள், அல்லது வாசிப்பியுங்கள். திகதி தவறினால் ஏலத்துக்குப் போகும். முகவரி மாறினால் வங்கிக்கு அறிவியுங்கள். ஏல அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய்ப் பயனில்லை.

அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு 2010 முதல் வைப்புக் காப்புறுதித் திட்டம் உண்டு. அதற்கு ஓர் உச்சத் தொகையும் உண்டு. எங்கள் காசு அதற்குள் அடங்குமா என்று கேட்டு அறிந்த பின் வையுங்கள். கூடிய வட்டி என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்.

சங்கத்தின் பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கை வாசிக்கும்போது விளங்காததைக் கேளுங்கள். விளங்காத கணக்குக்குக் கை உயர்த்துவது, வாசிக்காத கடதாசிக்குக் கையொப்பம் வைப்பது போன்றது.

11. குழுவாகச் செய்ய

ஒரு பட்டினத்தின் கதையை அரசர்களும் அதிகாரிகளும் மட்டும் உண்டாக்கவில்லை. சந்தைத் தராசும் கடைக் கொப்பியும் சேமிப்புப் புத்தகமும் அதைச் சொல்கின்றன. எங்கள் ஊர்களில் கட்டடங்கள் விழுந்து விட்டன. சில இடங்களில் தெருவும் தடமின்றிப் போயிற்று. ஆனால் எந்த மூலையில் சங்கக்கடை, எங்கே ஈட்டுக்கடை, வங்கி வாசலில் எந்த மரம், காசாளர் எப்படிக் கூப்பிடுவார் என்பன பெரியவர்களின் நினைவில் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்காவிட்டால் அவையும் போய் விடும்.

அடுத்த கூட்டத்தில் பெரிய தாள் ஒன்றை விரித்து, விட்டு வந்த பட்டினத்தின் படத்தை எல்லோரும் சேர்ந்து வரையுங்கள். பின்வரும் கேள்விகளைப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

1. சந்தை எந்த நாட்களிற் கூடியது? எந்த அளவையால் அளந்தனர்: கொத்தா, புசலா, அந்தரா?
2. வங்கி வருமுன் அவசரத்துக்குக் காசு எவரிடம் வாங்கினர்? என்ன வட்டி? எதை ஈடாகக் கொடுத்தனர்?
3. எங்கள் ஊரில் முதலில் கணக்குத் திறந்த பெண் யார்? ஏன் திறந்தார்?
4. இடம்பெயர்ந்தபோது எந்தக் கடதாசிகளைக் கொண்டு வந்தோம்? எவை உதவின? எவற்றை இழந்தோம்?
5. இன்று எங்கள் குழுவில் எவரெவர் எத்தனை கடன் கட்டுகின்றனர்? சேர்ந்து மிச்சம் பிடித்தால் அவற்றில் எதை முதலில் அடைக்கலாம்?

ஐந்தாவது கேள்விக்கு விடை சொல்ல வெட்கம் வரும். பெயர் எழுதாமல் துண்டுகளில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். கூட்டிப் பார்த்தபின் பேசுங்கள். மற்றவருக்கும் இதே பாரம் உண்டு என்று தெரியும்போது வாய் திறக்கும். அத்துடன் சிறு சேமிப்புக் குழு ஒன்றைத் தொடங்குவதாயின், முதல் நாளிலேயே கணக்கு எழுத ஒருவர், காசு வைத்திருக்க இன்னொருவர், பெட்டிக்கு இரண்டு பூட்டு என்று ஒழுங்கு செய்யுங்கள். பழைய காசாளர்கள் எங்களுக்கு விட்டுச் சென்ற விதி அது. அதற்குப் பெரிய கட்டடமோ கம்பிச் சாளரமோ தேவையில்லை. ஒரு கொப்பியும் இரண்டு திறப்பும் போதும்.